ஜார்ஜ் டவுன் மண்குழம்பு வகுப்பு: ஆறு சனிக்கிழமை, 520 வெள்ளி

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆறு வாரம், வாரம் மூன்று மணி நேரம், 520 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ஐந்து கிலோ சிவப்பு மண், கலவைக்கான பொடிகள், எட்டுச் சாமான்களை இரண்டு முறை சூளையில் சுடும் செலவு எல்லாம் அதில் அடக்கம். எட்டுக்கு மேல் போனால் ஒன்றுக்கு எட்டு வெள்ளி. இடம், பினாங்கு ஜார்ஜ் டவுனில் லிட்டில் இந்தியாவிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. பெயர்ப்பலகை கிடையாது. ஆறு பேருக்கு மேல் உட்கார முடியாது, இப்போதே ஆள்கள் காத்திருக்கிறார்கள் என்பதால் பெயரை எழுத வேண்டாம் என்று டீச்சர் கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 26 ஆண்டுகள் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. எதையும் நிறுத்துப் பார்த்து, அளந்து பார்த்து, குறித்து வைத்தே பழகிவிட்ட கை. இந்த வகுப்பு எனக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

மண்குழம்பு என்றால் வேறொன்றுமில்லை, தண்ணீரில் கரைத்த களிமண். ஆங்கிலத்தில் ஸ்லிப் என்கிறார்கள். பானை செய்து, அது முழுதாகக் காய்வதற்கு முன்பே வேறு நிறக் குழம்பை அதன்மேல் பூசலாம், ஊற்றலாம், கோடாக இழுக்கலாம், பூசியதைக் கீறி அடியிலுள்ள நிறத்தைக் காட்டலாம். நமக்கு இது புதிதல்ல. கொடுமணலிலும் அரிக்கமேட்டிலும் தோண்டியெடுத்த ஓடுகளில் வெள்ளைக் கோடும் செங்காவிப் பூச்சும் உள்ளவை இருக்கின்றன. கெடாவில் நாங்கள் இருந்த தோட்டத்து லயத்தில் என் பாட்டி மார்கழி முழுக்க வாசலில் மாக்கோலம் போட்டுச் சுற்றிலும் செம்மண் கரை கட்டுவார். ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவில் துணியை நனைத்து, மோதிர விரல் வழியாகச் சொட்டவிட்டு இழுக்கும் அந்தக் கோடு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மண்குழம்பைக் கோடாக இழுப்பதைப் பார்த்த அன்றே இதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்தது இரண்டு வருடத்துக்கு முன்பு. கோலாலம்பூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு நாள் வகுப்பு ஒன்றுக்கு இருவரும் போனோம். ஆளுக்கு 180 வெள்ளி. மேசையில் ஏற்கெனவே சுட்ட தட்டு ஒன்று, பக்கத்தில் கலந்து வைத்த குழம்புப் புட்டிகள் ஐந்து. விரும்பியதை வரையுங்கள் என்றார்கள். நான் வெள்ளையில் செம்பருத்தி வரைந்தேன். மூன்று வாரம் கழித்துத் தபாலில் தட்டு வந்தது, பார்க்க அழகாகவே இருந்தது. இரண்டு மாதம் பயன்படுத்திய பிறகு ஒரு நாள் கழுவும்போது ஒரு இதழ் அப்படியே செதிளாக உரிந்து கையோடு வந்தது. தொலைபேசியில் கேட்டேன். மண் சாமான் என்றால் அப்படித்தான் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அது எனக்குப் பதிலாகப் படவில்லை. அது ஏன் உரிந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அந்தக் கேள்விக்கு இந்த வகுப்பில் முதல் நாளே பதில் கிடைத்தது.

முதல் நாள் பானையும் இல்லை, தூரிகையும் இல்லை. ஆளுக்கொரு தராசு, ஒரு வாளி, ஐந்து டப்பாப் பொடி. டீச்சர் சுங்கை பட்டாணிக்காரர், என்னைவிட இருபது வயது இளையவர். சனிக்கிழமை வகுப்பை முழுக்கத் தமிழிலேயே நடத்துகிறார். வெள்ளைக் கலவைக்கு அவர் சொன்ன கணக்கு இது: நூறு பங்கில் பால் கிளே (ball clay, ஒட்டும் களிமண்) 40, கயோலின் 20, டால்க் 15, ஃபிரிட் 15, சிலிக்கா 10. வெண்மை இன்னும் வேண்டுமென்றால் இதற்கு மேல் சிர்க்கோனியம் சிலிக்கேட் 8. ஒவ்வொன்றும் எதற்கு என்று சொல்லிவிட்டுத்தான் நிறுக்கவே விட்டார். பால் கிளே ஒட்டும் தன்மைக்கு. கயோலின் வெண்மைக்கு, நம் பேராக் மாநிலத்தில் பீடோர் பக்கம் தோண்டி எடுப்பதும் இதே மண்தான். இதில் எனக்குப் புதிதாக இருந்தது ஃபிரிட். அது உருக்கிப் பொடித்த கண்ணாடி. அதிகச் சூட்டில் சுடும் சாமானில் அடி மண்ணும் பூச்சும் அந்தச் சூட்டிலேயே ஒன்றோடொன்று இறுகிப் பிணைந்துவிடும். இங்கே சூளை 1060 டிகிரியோடு நின்றுவிடுகிறது. அந்தச் சூட்டில் சிவப்பு மண் இறுகி முடிவதில்லை, தண்ணீரை உறிஞ்சும் சுடுமண்ணாகவே இருக்கும். அதனால் பூச்சைப் பிடித்து வைக்க, சீக்கிரம் உருகும் ஏதாவது ஒன்று பூச்சுக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்த 15 பங்கு ஃபிரிட்டின் வேலை அதுதான்.

பிறகு கரைப்பது. வாளியில் முதலில் தண்ணீர், அதன்மேல் பொடியைத் தூவ வேண்டும். பொடியின் மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டியாகிவிடும். ராகிக் கூழ் காய்ச்சியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். தூவிய பொடி தானாக நனைந்து அடியில் இறங்கும்வரை கிளறக் கூடாது. டீச்சர் முந்தின சனிக்கிழமை ஊறப்போட்ட வாளியைத்தான் எங்களுக்குக் கொடுத்தார், நாங்கள் கலந்தது அடுத்த வாரத்துக்கு. ஊறியதை அங்குலத்துக்கு 80 கண் உள்ள சல்லடையில் இரண்டு முறை வடித்தோம். முதல் முறை வடித்தபோது சல்லடையில் குருணை மாதிரி நின்றதைப் பார்த்து, இது போகாமலே பூசியிருந்தால் தூரிகை போன இடமெல்லாம் சிராய்ப்பாகியிருக்கும் என்று புரிந்தது.

நான் மிகவும் ரசித்தது பதம் பார்க்கும் முறையை. டீச்சருக்குக் கைப்பதமே போதும். விரலை விட்டு எடுப்பார்; நகத்தின் விளிம்பு தெரிந்து, ரேகை மறைந்தால் சரி என்பார். தோசைமாவுக்குக் கொஞ்சம் இளக்கமாக, மோருக்குக் கொஞ்சம் கெட்டியாக. எங்களுக்கு அந்தக் கை வரும்வரை தராசு. நூறு மில்லி அளவுக் குவளையைத் தராசில் வைத்து பூஜ்யமாக்கிவிட்டு, குழம்பைக் கோடுவரை ஊற்றி நிறுக்க வேண்டும். வெறும் தண்ணீர் 100 கிராம் காட்டும். முக்கி எடுக்கவோ ஊற்றிப் பூசவோ 140 கிராம், தூரிகைக்கு 145, கோடு இழுக்க 155. நூறு கிராம் பொடிக்கு ஏறத்தாழ 115 மில்லி தண்ணீர் விட்டால் 140-இல் வந்து நிற்கிறது. இதை நான் வீட்டில் நான்கு முறை செய்து பார்த்துவிட்டேன், நான்கு முறையும் ஒன்று இரண்டு கிராம்தான் வித்தியாசம்.

இந்த எடையை வைத்தே இன்னொரு கணக்கும் போடலாம். ஒரு லிட்டர் குழம்பு 1400 கிராம் இருந்தால் அதற்குள் உலர்ந்த பொடி சுமார் 650 கிராம். நிறம் சேர்ப்பதெல்லாம் உலர்ந்த எடைக்குத்தான் கணக்கு என்பதால், ஏற்கெனவே கரைத்து வைத்த குழம்பில் நிறம் போடும்போது இது தெரியாமல் முடியாது. நூற்றுக்கு 2 கோபால்ட் கார்பனேட் நல்ல நீலம் கொடுக்கிறது. காப்பர் கார்பனேட் 4 போட்டால் பச்சை, இரும்பு ஆக்ஸைடு 8 போட்டால் காப்பி நிறம். மஞ்சளுக்குக் கடையில் விற்கும் ஸ்டெயின் என்ற நிறப்பொடி 10 தேவைப்பட்டது. எங்களோடு படித்த ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், நாங்கள் எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம், கோபால்ட்டை உலர்ந்த எடைக்குப் பதில் ஈர எடைக்குப் போட்டுவிட்டார். நீலம் மை போல வந்தது. டீச்சர் அதைக் கீழே கொட்டவில்லை. வெள்ளைக் குழம்பை எவ்வளவு சேர்த்தால் சரியாகும் என்று அவரையே கணக்குப் போட வைத்தார்.

காப்பர் போட்ட பச்சையைச் சாப்பாட்டுச் சாமானின் உட்பக்கம் பூச விடுவதில்லை. நம் வீட்டில் புளிக்குழம்பும் அசாம் லக்சாவும் போகாத கிண்ணம் எது? புளிப்பு பட்டால் அது மெல்ல மெல்லக் கசியலாம். வெளிப்பக்கம் மட்டும்தான் பச்சை. இதை முதல் வாரமே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அங்கேதான். அதேபோல் பொடி நிறுக்கும்போது எல்லாரும் முகக்கவசம் போட வேண்டும். நிபோங் திபாலிலிருந்து வரும் தம்பி ஒருவர் தரையில் சிந்தியதை விளக்குமாற்றால் பெருக்கப் போனார். டீச்சர் ஓடிவந்து தடுத்து ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். சிலிக்காத் தூசு நுரையீரலுக்குள் போனால் போனதுதான், திரும்பி வராது. ஆனால் கவசத்தை அவர்கள் கொடுப்பதில்லை, நாம்தான் கொண்டுபோக வேண்டும். 520 வெள்ளி வாங்குகிற இடத்தில் ஆளுக்கு ஆறு கவசம் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

சரி, இதழ் உரிந்த கதைக்கு வருகிறேன். இரண்டாம் வாரம் ஆளுக்கு நான்கு சில்லுகள் கொடுத்தார்கள். ஒன்று அப்போதுதான் தட்டிய ஈர மண். ஒன்று தோல் பதம். கத்தி வைத்தால் வெண்ணெய்க்கட்டி போல வெட்டுப்படும், கையில் எடுத்தால் வளையாது. மூன்றாவது எலும்பு போலக் காய்ந்தது. நான்காவது ஏற்கெனவே சுட்டது. நான்கிலும் ஒரே வாளிக் குழம்பை ஒரே தூரிகையால் பூசினோம். ஈரமானதில் தூரிகை மண்ணையே சேர்த்து இழுத்துக் கலக்கிவிட்டது. தோல் பதத்தில் அமைதியாக உட்கார்ந்தது. காய்ந்த சில்லில் பூசிய ஒரு மணி நேரத்திலேயே ஓரம் சுருண்டு எழ ஆரம்பித்தது. சுட்டதன்மேல் பார்வைக்கு ஒழுங்காக ஒட்டியது, ஆனால் சூளையிலிருந்து வந்தபின் நகத்தால் தட்டினேன், செதிள் உதிர்ந்தது.

நான் நான்கு சில்லிலும் முன்கூட்டியே நூறு மில்லிமீட்டருக்குக் கோடு கீறி வைத்திருந்தேன். சூளையிலிருந்து வந்தபோது தோல் பதச் சில்லில் அந்தக் கோடு 94 இருந்தது. அதாவது அந்தப் பதத்துக்குப் பிறகும் மண் இன்னும் ஆறு மில்லிமீட்டர் சுருங்குகிறது, மேலே பூசிய குழம்பும் அதோடு சேர்ந்து சுருங்குகிறது. சுட்ட சில்லு அசைவதில்லை. குழம்பு மட்டும் தனியாகச் சுருங்கினால் பிய்த்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? காய்ந்த மண்ணுக்கும் சுட்ட மண்ணுக்கும் பூச வேண்டுமென்றால் கலவையையே மாற்ற வேண்டும். ஒட்டும் மண்ணைக் குறைத்து, ஏற்கெனவே சுட்டெடுத்த கயோலினைச் சேர்த்து, ஃபிரிட்டைக் கூட்ட வேண்டும். கோலாலம்பூரில் எனக்குக் கொடுத்தது ஏற்கெனவே சுட்ட தட்டு. புட்டியில் இருந்தது சுடாத மண்ணுக்கான குழம்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். அன்று மாலை ஃபெரியில் திரும்பும்போது தங்கைக்குத் தொலைபேசியில் இதை விளக்கிச் சொன்னேன். பட்டர்வொர்த் வரும்வரை பேசினேன்.

மூன்றாம் வாரம் எனக்கு ஒரு கிண்ணம் போயிற்று. உட்பக்கம் வெள்ளைக் குழம்பை ஊற்றிச் சுழற்றிக் கவிழ்த்தேன், அழகாகப் படிந்தது. அதே சூட்டோடு வெளிப்பக்கமும் முக்கினேன். பத்து நிமிடத்தில் கிண்ணத்தின் ஒரு பக்கம் மெல்லச் சரிந்து, வாய் கோணி, பலகையில் உட்கார்ந்துவிட்டது. குழம்பிலுள்ள தண்ணீர் முழுவதையும் அந்த மெல்லிய சுவர்தான் குடிக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் குடித்தால் மண் மறுபடி சேறாகிவிடும். உட்பக்கம் ஒரு நாள் பூசினால் வெளிப்பக்கம் மறுநாள்தான் பூச வேண்டும். அதுவும் பினாங்கில் அக்டோபர் மழையில் ஒரு நாள் போதாது. ஈரக்காற்றில் எதுவும் காய மறுக்கிறது. நான் பூசிய ஒரு தட்டு தோல் பதத்துக்குத் திரும்ப இரண்டரை நாள் எடுத்தது. இதை டீச்சர் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டாரா, நாங்களே பார்க்கட்டும் என்று விட்டாரா என்று கேட்டேன். அன்று இரண்டு புதியவர்களுக்குத் தராசு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, கிண்ணத்துக்குப் பதிலாக இன்னொரு கிண்ணத்துக்கு மண் கொடுத்தார்.

நான்காம் வாரத்தைப் பற்றி நாள் முழுக்க எழுதலாம். கோடு இழுக்கும் வாரம்.

பட்டறையில் கொடுப்பது முனையில் மெல்லிய குழாய் வைத்த ரப்பர் குமிழ். அது என் கைக்கு ஒத்துவரவில்லை. அழுத்தத்தை விட்டால் காற்றை உள்ளே இழுத்து, அடுத்த முறை அழுத்தும்போது தெறித்துவிடுகிறது. அடுத்த வாரமே லிட்டில் இந்தியாவில் மருதாணி வைக்கிறவர்கள் பயன்படுத்தும் பிளாஸ்டிக் கூம்புகளைக் காலியாக ஒரு கட்டு வாங்கி வந்தேன். குழம்பை ஊற்றி மேலே மடித்துக் கட்டி, முனையை ஊசி அளவு வெட்டிக்கொண்டேன். அப்புறம் என்ன, கை தானாக ஓடியது. வகுப்பில் இப்போது எல்லாரும் கூம்புதான். டீச்சரே ஒரு கட்டு வாங்கி வைத்துவிட்டார்.

கோட்டுக்கான குழம்பு கெட்டியாக இருக்க வேண்டும், ஆனால் ஓட வேண்டும். தண்ணீர் ஊற்றி இளக்கினால் கோடு படுத்துவிடும், காயும்போது அதிகம் சுருங்கி நடுவில் வெடிக்கும். அதற்குச் சோடியம் சிலிக்கேட். 155 கிராம் குழம்பு அசையாமல் கெட்டித் தயிர் மாதிரி நிற்கிறது. அதில் மூன்றே சொட்டு விட்டுக் கலக்கினால், தண்ணீர் ஒரு துளியும் சேராமல், தேன் மாதிரி ஓட ஆரம்பிக்கிறது. மண் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கூடு கட்டி நின்றவை. சோடியம் வந்ததும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகிவிடுகின்றன. முதல் முறை பார்த்தபோது ஆறு பேரும் வாளியைச் சுற்றி நின்றுவிட்டோம். அளவுக்கு மீறிச் சொட்டினால் மறுபடி கெட்டியாகிவிடும் என்பதால், மூன்று சொட்டு, கலக்கு, பார் என்று போக வேண்டும்.

முதலில் தட்டில் அடிப்பூச்சு. அது ஈரமாகப் பளபளக்கும்போதே மேலே கோடு விட்டால் கோடு அடிப்பூச்சுக்குள் அமிழ்ந்து சமமாகிவிடும். பளபளப்பு போய் மங்கிய பிறகு விட்டால் மேலே புடைத்து நிற்கும், விரலால் தடவினால் தெரியும். எனக்குப் புள்ளிகள் புடைத்து நிற்க வேண்டியிருந்தது. "அக்கா, அவசரப்படாதீங்க. இன்னும் மினுமினுன்னு இருக்கு பாருங்க. அது போகட்டும்" என்று டீச்சர் மூன்று முறை என் கையைத் தடுத்தார். மங்கியதும் ஏழுக்கு நான்கு இடுக்குப் புள்ளி வைத்து, சுற்றிச் சிக்குக் கோலம் இழுத்தேன். சிவப்பு மண்மேல் வெள்ளைக் கோடு. தரையில் போடுகிற வேகத்தில் போட்டால் கோடு நூலாகிறது, தயங்கினால் குண்டாகிறது. வளைவில் வேகத்தைக் குறைக்காமல் மணிக்கட்டைத் திருப்பத் தெரிந்த கைக்கு இது ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். கோலம் போடும் பெண்களே, இந்தக் கலை உங்களுக்குப் பாதி தெரியும். தைரியமாக வாருங்கள்.

அதே நாள் கோடிழுத்துக் கலைக்கும் வேலையும் செய்தோம். பளபளக்கும் காப்பி நிற அடிப்பூச்சில் வரிசையாக வெள்ளைக் கோடுகள் விட்டு, குறுக்கே ஒரு மெல்லிய முனையால் இழுத்தால் ஒவ்வொரு கோடும் இறகு மாதிரி நுனி கூர்ந்து வளைகிறது. ஆங்கிலேயக் குயவர்கள் இதற்கு இறகின் நுனியைத்தான் பயன்படுத்தினார்களாம். இங்கே ஈர்க்குதான், விளக்குமாற்றிலிருந்து ஒன்றை உருவிச் சீவிக்கொண்டோம். 17-ஆம் நூற்றாண்டில் ஸ்டாஃபர்ட்ஷயரில் தாமஸ் டாஃப்ட் என்ற குயவர் செய்த பெரிய தட்டுகளின் படங்களை டீச்சர் காட்டினார். கரும் கோடுகள், அவற்றின்மேல் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள், ஓரமெல்லாம் பின்னல் கட்டம், கீழ் விளிம்பில் தன் பெயரையே குழம்பால் எழுதியிருக்கிறார். அந்தப் பின்னல் கரையைப் பார்த்ததும் எங்கள் ஆசிரியர் சார், "இது நம்ம வாசல் கரை மாதிரியே இருக்கே" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தேன் நிறத்தில் மினுங்கும் அந்தக் காலத்து கிளேஸில் (மேலே பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சு) ஈயம் உண்டு என்பதையும் டீச்சர் சொன்னார். இங்கே பயன்படுத்துவது ஈயமில்லாத கிளேஸ் மட்டும்தான்.

ஐந்தாம் வாரம் கீறல் வேலை. நான் அதில் அதிகம் ஈடுபடவில்லை. பூச்சு தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் கம்பியால் கீற வேண்டும், பிசிறு காய்ந்த பிறகு மெதுவாகத் துடைக்க வேண்டும். அம்மாவோடு வந்த ஒரு பள்ளி மாணவி மீன்கள் கீறினாள், அபாரமாக இருந்தது.

இனி குறைகள். சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதில் பயனில்லை.

முதல் குறை, காயவைக்கும் அலமாரி. சின்னது, அதுவும் சுவர் விசிறிக்கு நேர் எதிரே. ஐந்தாம் வாரம் போய்ப் பார்த்தபோது என் கோலத் தட்டின் ஒரு பக்க விளிம்பு காய்ந்து வெளுத்து, மறுபக்கம் இன்னும் ஈரமாக இருந்தது. காய்ந்த பக்கத்தில் இரண்டு சிக்குகள் தூக்கிக்கொண்டு நின்றன. காற்று நேராகப் படும் இடத்தில் குழம்பு பூசிய தட்டை வைக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டு, பட்டறையே அப்படி வைத்திருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. சொன்னேன். அடுத்த வாரம் விசிறியைத் திருப்பி, அலமாரிக்குப் பிளாஸ்டிக் திரை போட்டிருந்தார்கள். ஆனாலும் அந்தத் தட்டு போனது போனதுதான். அதனால் நான் இப்போது தட்டை நெகிழித் தாளால் தளர்வாக மூடித்தான் வைக்கிறேன்.

இரண்டாவது குறை பெரியது, சூளை. வகுப்பு முடிந்து இரண்டு வாரத்தில் சாமான் கைக்கு வரும் என்றார்கள். ஐந்து வாரம் ஆயிற்று. சூளை நிரம்பினால்தான் பற்றவைப்பார்களாம். அது மின்சூளை, பாதி நிரம்பினாலும் மின்கட்டணம் அதேதான் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் தாமதமாகும் என்று ஒரு செய்தியாவது அனுப்பியிருக்கலாம். நான் மூன்று முறை அழைத்துக் கேட்க வேண்டியிருந்தது. தீபாவளிக்கு அகல் கொடுக்கிறேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்த ஒரு அம்மா கடையில் வாங்கித்தான் கொடுத்தார். விசேஷத்துக்கு வேண்டுமென்றால் இரண்டு மாதம் முன்பே சேருங்கள்.

சுடும் முறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முதல் சூளை கோன் 04 (கோன் என்பது சூளைச் சூட்டைக் குறிக்கும் அளவு), சுமார் 1060 டிகிரி. கிளேஸ் போட்ட பிறகு இரண்டாம் சூளை கோன் 06, கிட்டத்தட்ட 1000 டிகிரி. முதலாவதற்கு ஏன் அதிகச் சூடு என்று கேட்டேன். மண்ணுக்குள் இருக்கும் கரி முதலிலேயே முழுதாக எரிந்து வாயுவாக வெளியேறிவிட்டால், பின்னால் கிளேஸ் உருகும்போது அதைத் துளைத்துக்கொண்டு கிளம்பாது. நான் வாங்கி வந்த ஏழு சாமானில் ஒன்றில்கூட ஊசித்துளை இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். கிளேஸ் போட்டதும் வெள்ளை கொஞ்சம் பாலாடை நிறத்துக்கு மாறுகிறது, நீலம் இரண்டு மடங்கு ஆழமாகிறது. கிளேஸ் போடாத இடத்தில் சாமான் தண்ணீர் குடிக்கும் என்பதால் மைக்ரோவேவில் வைக்க வேண்டாம் என்றார்கள். நான் வைக்கவில்லை. மோர், ரசம், சூடான கஞ்சி எல்லாம் ஊற்றி நான்கு மாதமாகப் பயன்படுத்துகிறேன். வாரம் ஒரு முறை நகத்தால் தட்டிப் பார்க்கிறேன். ஒரு செதிள் கூட வரவில்லை.

மற்றபடி சின்ன விஷயங்கள். மரப்படி செங்குத்து, ஒரு பக்கம் மட்டும்தான் கைப்பிடி. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும், பட்டர்வொர்த்திலிருந்து வருகிறவர்கள் ஃபெரியில் வந்து நடப்பதே மேல். எழுதிய குறிப்பு எதுவும் கொடுப்பதில்லை, எல்லாம் வெள்ளைப் பலகையில்தான். அளவுகளை நான் ஒரு நோட்டில் ஒழுங்காக எழுதி வைத்தேன், கடைசி வாரம் ஆறு பேருக்கும் படி எடுத்துக் கொடுத்தேன். இப்போது அதையே அச்சடித்துப் புதியவர்களுக்குக் கொடுக்கப்போவதாக டீச்சர் சொன்னார். சந்தோஷமாக இருந்தது.

யாருக்கு இது ஒத்துவரும்? ஒரே நாளில் ஒரு சாமானோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறவர்களுக்கு இல்லை. சக்கரத்தில் பானை வனையவும் இங்கே சொல்லித்தருவதில்லை, எல்லாம் தட்டி எடுத்த தட்டும் அச்சில் அழுத்திய கிண்ணமும்தான். தன் கையால் பொடியை நிறுத்து, கரைத்து, சலித்து, பூசி, அது ஏன் ஒட்டுகிறது, ஏன் உரிகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். சூளைத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் 520 வெள்ளி எனக்குக் குறைவாகவே படுகிறது. நான் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் அந்த முதல் இரண்டு வாரத்துக்கே தகும்.

வகுப்பு முடிந்த பிறகும் மாதம் 60 வெள்ளிக்கு மேசையும் வாளிகளும் பயன்படுத்தலாம், நான் சேர்ந்துவிட்டேன். போன சனிக்கிழமை ஆறு கிண்ணங்களுக்கு உட்பக்கம் பூசி மூடி வைத்துவிட்டு வந்தேன், செவ்வாய்க்கிழமை போய் வெளிப்பக்கம் பூசினேன். ஆறும் கோணாமல் நிற்கின்றன. அடுத்த சூளை எப்போது என்று கேட்டிருக்கிறேன்.